பழைய வண்டிகளின் மறுவாழ்வு



வரலாறு என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவன யாவை? முடிசூடிய மன்னர்களும், படைகள் பொருத களங்களும், கல்வெட்டுகளும் செப்பேடுகளும் அல்லவா? அவை வரலாற்றுக்கு உரியன என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரு தொழிற்சாலையில் பிறந்து, சில ஆண்டுகள் சாலையில் ஓடி, பின்னர் எங்கோ ஒரு கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கும் மோட்டார் வண்டியும் வரலாற்றுச் சான்றே என்று கூறினால் நீங்கள் வியப்படையலாம். ஜப்பான் நாட்டில் 1960-களிலும் அதனை அடுத்த சில ஆண்டுகளிலும் தோன்றிய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றியும், அவற்றுக்கு உறுப்புகளைத் தேடி உயிர் கொடுப்போரின் உழைப்பைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விழைகின்றேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இப்பொருளைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய நாளில், இது செல்வர் சிலரின் பொழுதுபோக்கு என்றே நானும் எண்ணியிருந்தேன். பழைய வண்டி பழுதானால் புதியதொன்றை வாங்கிக்கொள்வதன்றோ உலக வழக்கு? ஒரு ரப்பர்ப் பட்டைக்காகவும் ஒரு விளக்கின் கண்ணாடிக்காகவும் கடல் கடந்து கடிதம் எழுதிக் காத்திருப்பானேன் என்று நினைத்தேன். பின்னர் என் கருத்து மாறிற்று. அது மாறிய காரணத்தை விளக்குவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

1945-ஆம் ஆண்டில் போர் முடிந்தபோது ஜப்பானின் நிலை எத்தகையது என்பதை நீங்கள் பாடநூல்களில் படித்திருப்பீர்கள். நகரங்கள் எரிந்து சாம்பராயின; ஆலைகள் அழிந்தன. அந்த நிலையிலிருந்து எழுந்த நாடு, முதலில் மோட்டார் சைக்கிள்களையும், சுமை வண்டிகளையும், எளிய சிறு கார்களையும் செய்தது. இருபது ஆண்டுகள் நிறைவதற்குள், விரைந்து ஓட்டும் இன்பத்திற்கென்றே அமைந்த வண்டிகளையும் செய்யத் துணிந்தது. அவற்றுள் நான்கினை மட்டும் இங்கே எடுத்துக் காட்டுகின்றேன்.

மோட்டார் சைக்கிள் செய்து புகழ்பெற்ற ஹோண்டா நிறுவனத்தின் முதல் கார் 1963-இல் வெளிவந்த எஸ் 500 என்னும் ஸ்போர்ட்ஸ் காரே. அடுத்த ஆண்டில் எஸ் 600 வந்தது. அதன் இஞ்சினின் கொள்ளளவு 606 கன சென்டிமீட்டர்தான். ஆயினும் நிமிடத்திற்கு 8500 முறை சுழன்று 57 குதிரைத் திறனை அது அளித்தது. நான்கு சிலிண்டர்களுக்கும் தனித்தனியே நான்கு கார்புரேட்டர்கள்; பின் சக்கரங்களைச் சுழற்றுவனவோ சங்கிலிகள்! மோட்டார் சைக்கிள் தொழிலாளியின் கைவண்ணம் அவ்வண்டி முழுவதிலும் தெரிகின்றது.

டொயோட்டா நிறுவனம் யமஹா நிறுவனத்தோடு கூடி உருவாக்கிய 2000 ஜி.டி. என்னும் வண்டி 1967 முதல் 1970 வரை விற்பனையாயிற்று. 1966-ஆம் ஆண்டு அக்டோபரில், யதபே என்னுமிடத்துச் சோதனைப் பாதையில் அவ்வகை வண்டியொன்று 78 மணி நேரம் இரவும் பகலும் ஓடி, மூன்று உலகச் சாதனைகளை நிறுவிற்று. ஆனால் செய்யப்பட்டவை ஏறத்தாழ 350 வண்டிகளே.

மூன்றாவது, ஹிரோஷிமா நகரத்து மாஸ்டா நிறுவனத்தின் காஸ்மோ ஸ்போர்ட். அணுகுண்டால் அழிந்த அந்நகரத்தில், 22 ஆண்டுகளுக்குப் பின், 1967-இல் இது பிறந்தது. மேலும் கீழும் செல்லும் பிஸ்டன்களுக்கு மாறாக, முக்கோண வடிவான இரு சுழலிகள் இதன் இஞ்சினில் இயங்கின. சுழலியின் மூன்று முனைகளிலும் உள்ள அடைப்புத் துண்டுகள், இஞ்சினின் உட்சுவரில் அலையலையான கீறல்களை உண்டாக்கின. பொறியாளர்கள் அவற்றை ‘பேயின் நகக்குறி’ என்று அழைத்தனர். கென்இச்சி யமமோட்டோ என்பவரின் தலைமையில் 47 பொறியாளர்கள் பல்லாண்டு முயன்று, கரியும் அலுமினியமும் சேர்ந்த துண்டுகளால் அக்குறையைப் போக்கினர். அவ்வகை வண்டிகள் மொத்தம் 1176 மட்டுமே செய்யப்பட்டன.

நான்காவது, 1969-ஆம் ஆண்டின் இறுதியில் நிஸ்ஸான் நிறுவனம் வெளியிட்ட ஃபேர்லேடி இசட். அமெரிக்காவில் டாட்சன் 240 இசட் என்னும் பெயரில் இது 3526 டாலருக்கு விற்கப்பட்டது. அங்கு அந்நிறுவனத்தின் தலைவராயிருந்த யுடாக்கா கட்டயாமா இதன் வெற்றிக்குப் பெரிதும் உழைத்தவர். 105 ஆண்டுகள் வாழ்ந்து 2015-இல் மறைந்தார். 1978 வரை இத்தலைமுறை வண்டிகள் ஐந்து இலட்சத்திற்கும் மேல் விற்றன. ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரை உலகமெங்கும் கொண்டு சேர்த்தது இதுவே எனலாம்.

இத்துணைச் சிறப்புடைய வண்டிகள் பின்னர் அருகிப்போனது ஏன்? காரணங்கள் பல. முதற்காரணம் துரு. அக்காலத்துத் தகடு மெல்லியது. துருத்தடுப்பு முறைகளும் முதிரவில்லை. குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு, சக்கர வளைவுகளையும், மின்கலத் தட்டின் அடியையும், தரைத்தகட்டையும் அரித்துவிட்டது. இரண்டாவது காரணம் சட்டம். ஜப்பானில் 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வண்டிகளைக் காலந்தோறும் கண்டிப்பான ஆய்வுக்கு உட்படுத்த வேண்டும். பத்தாண்டு கடந்த வண்டிகளுக்கு 1995 வரை ஆண்டுதோறும் அவ்வாய்வு நடந்தது. அச்செலவைத் தாங்குவதைவிட வண்டியை உடைத்துவிடுவது எளிதென்று பலர் கருதினர். மூன்றாவது காரணம் 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும், புகையைக் கட்டுப்படுத்தும் புதிய விதிகளும் ஆகும். அவ்வாண்டில் வெளிவந்த ஸ்கைலைன் ஜி.டி.ஆர். வண்டி 197 மட்டுமே செய்யப்பட்டு நின்றுபோனதை இதற்குச் சான்றாகக் கூறலாம்.

எல்லாவற்றினும் கொடியது உறுப்புப் பஞ்சமே. இதனை ஒரு சிறு கணக்கால் விளக்குகின்றேன். ஒரு ரப்பர்ப் பட்டையை வார்க்கும் அச்சுக்கு ஓர் இலட்சம் ரூபாய் ஆகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். பதினாயிரம் பட்டைகள் செய்தால், அச்சுச் செலவு பட்டைக்குப் பத்து ரூபாய். நூறு மட்டுமே செய்தால், பட்டைக்கு ஆயிரம் ரூபாய்! விற்பனை குறையக் குறைய விலை ஏறுகின்றது. விலை ஏற ஏற வாங்குவோர் குறைகின்றனர். இறுதியில் நிறுவனம் அச்சையே கழித்துவிடுகின்றது. அச்சு போனபின் வரைபடம் மட்டும் எஞ்சும். சிலவேளை அதுவும் எஞ்சாது.

அவ்வாறாயின் பழைய வண்டியைப் புதுப்பிப்போர் என்ன செய்கின்றனர்? அவர்கள் கையாளும் வழிகள் மூன்று. முதலாவது, இறந்த வண்டியிலிருந்து உறுப்பை எடுத்து உயிருள்ள வண்டிக்கு அளிப்பது. உடைந்த வண்டிகளின் கிடங்குகளில் இதற்காக அலைவோர் பலர். இரண்டாவது, உறவு முறையை அறிந்து தேடுவது. 240 இசட் வண்டியின் ஆறு சிலிண்டர் இஞ்சினும், டாட்சன் 510 என்னும் எளிய குடும்பக் காரின் நான்கு சிலிண்டர் இஞ்சினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் சிலிண்டரின் விட்டம் 83 மில்லிமீட்டர். இத்தகைய உறவுகளை அறிந்தவன், அரிய வண்டிக்கு வேண்டியதை எளிய வண்டியில் தேடத் தெரிந்தவனாகின்றான். அன்றியும், அமெரிக்காவுக்கு மிகுதியாகச் சென்றதால் 240 இசட்டின் உறுப்புகள் அங்கே மிகுதியாகக் கிடைக்கின்றன. ஆனால் அங்கு ஓட்டுநர் இடப்பக்கம் அமர்வார், ஜப்பானில் வலப்பக்கம். ஆகவே முகப்புப் பலகை போன்றவை அங்கிருந்து வந்தாலும் பயன்படா.

மூன்றாவது வழி, இல்லாததைப் புதிதாகச் செய்வது. தேய்ந்த உறுப்பை அளந்து, தேய்மானம் எவ்வளவு என்பதைக் கணித்து, முதல் நாளில் அஃது எவ்வாறிருந்திருக்கும் என்று உய்த்துணர்ந்து, வார்த்தும் கடைந்தும் அதனை ஆக்க வேண்டும். நம் தமிழறிஞர்கள் ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த முறையே எனக்கு இங்கு நினைவுக்கு வருகின்றது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் ஊர் ஊராகச் சென்று சுவடிகளைத் தேடினார். ஒன்றில் செல்லரித்த இடத்தை மற்றொன்றில் கண்டு ஒப்புநோக்கிப் பாடங்களைத் துணிந்தார். துருப்பிடித்த இரு வண்டிகளை அருகருகே நிறுத்தி, ஒன்றில் அழிந்ததை மற்றொன்றில் கண்டறிபவனும் ஒருவகையில் பதிப்பாசிரியனே அன்றோ?

நெடுங்காலம் இம்முயற்சி தனியார் சிலரின் தோள்களிலேயே நின்றது. பின்னர் நிறுவனங்களும் தங்கள் பழைய பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கின. ஹோண்டா 1993-இலேயே தன் என்.எஸ்.எக்ஸ். வண்டிகளைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை அமைத்தது. நிஸ்ஸான் 1997-98 ஆண்டுகளில் அமெரிக்காவில் பழைய 240 இசட் வண்டிகள் சிலவற்றை வாங்கி, புதுப்பித்து, ஏறத்தாழ 25,000 டாலருக்கு விற்றது. 1989-இல் தோன்றிய தன் எம்.எக்ஸ். 5 வண்டியைப் புதுப்பிக்கும் பணியை மாஸ்டா 2017-இல் அறிவித்து, அவ்வண்டிக்குரிய பழைய வகை டயரையும் மீண்டும் செய்வித்தது. அவ்வாண்டின் டிசம்பரில் நிஸ்ஸான் 1989-ஆம் ஆண்டு ஸ்கைலைன் ஜி.டி.ஆர். வண்டிக்கு உறுப்புகளை மீண்டும் விற்கத் தொடங்கிற்று. 2020-இல் டொயோட்டாவும் 2000 ஜி.டி. வண்டியின் கியர்ப்பெட்டி உறுப்புகளை மீண்டும் செய்ய முன்வந்தது. தகட்டின் இருபுறமும் இரு இயந்திரக் கைகள் நின்று, அச்சே இன்றி அதனை வேண்டிய வடிவாக வளைக்கும் முறையை நிஸ்ஸான் 2019-இல் வெளியிட்டது. அச்சுச் செலவு இல்லையாயின், நான் முன்னர்க் கூறிய கணக்கே மாறிவிடுகின்றதன்றோ?

இனி, நுட்பமான வினா ஒன்று எழுகின்றது. தரைத்தகடு புதிது, ரப்பர் புதிது, வண்ணம் புதிது, இஞ்சினுக்குள் பாதி புதிது என்றால், அதனைப் பழைய வண்டி என்று எவ்வாறு கூறுவது? இவ்வினாவுக்கு ஜப்பானிய மரபே ஒரு விடை தருகின்றது. இசே என்னுமிடத்தில் உள்ள புகழ்பெற்ற ஷின்டோ திருக்கோயிலை, இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை, பக்கத்து நிலத்தில் புதிய மரத்தால் மீண்டும் கட்டுகின்றனர். 2013-இலும் அவ்வாறு கட்டினர். மரம் புதிது, ஆயினும் கோயில் பழையது. ஏன்? கட்டும் முறையை மூத்த தச்சன் இளைய தச்சனுக்குக் கையோடு கை சேர்த்துக் கற்பிக்கின்றான். அழியாமல் நிற்பது மரமன்று, கைத்திறனே.

என் கருத்தை மாற்றியது இதுவே. நான்கு கார்புரேட்டர்களைச் செவியால் கேட்டுச் சீராக்கும் திறன் எந்நூலிலும் முழுமையாக எழுதப்படவில்லை. அதனை அறிந்த முதியவர்கள் மறைந்துகொண்டிருக்கின்றனர். ஒரு வண்டியைப் புதுப்பிக்கும்போது, அவர்தம் பக்கத்தில் நின்று ஓர் இளைஞன் அத்திறனைக் கற்றுக்கொள்கின்றான். வண்டியைக் காப்பதாக நாம் நினைக்கின்றோம். உண்மையில் காக்கப்படுவது அறிவு.

ஆனால் இப்பணிக்கு ஓர் அறமும் உண்டு. அரிய வண்டிக்கு விலை மிகுதி. ஆகவே எளிய ஸ்கைலைன் வண்டிக்கு ஜி.டி.ஆர். என்னும் பெயர்த்தகட்டை ஒட்டி விற்பதும் எளிது. நேர்மையான தொழிலாளி சட்டகத்தின் எண்ணையும் இஞ்சினின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றான். எது பழையது, எதனை மாற்றினேன், எதனைப் புதிதாகச் செய்தேன் என்று குறித்து வைக்கின்றான். நல்ல பதிப்பாசிரியன் சிதைந்த இடத்தைத் தன் கற்பனையால் நிரப்பாமல், அங்கே எழுத்து இல்லை என்று புள்ளியிட்டுக் காட்டுவது போன்றது இது. உண்மையை மறைத்துப் பளபளக்கும் வண்டியைவிட, உண்மையைக் கூறித் துருவோடு நிற்கும் வண்டியே வரலாற்றுக்கு உதவும்.

டாட்சன் என்னும் பெயர் நமக்கும் அயலானதன்று. சென்னையை அடுத்த ஒரகடத்தில், 2014 முதல் 2022 வரை, அப்பெயர் தாங்கிய சிறு கார்கள் செய்யப்பட்டன. இன்று அவற்றை எளியனவென்று கருதுகின்றோம். தம் காலத்தில் டாட்சன் 510-ஐயும் அவ்வாறே கருதினர். ஒருநாள் அவற்றின் உறுப்பொன்றையும் எவரேனும் தேடி அலையக்கூடும்.

மாணவர்களே, உங்களுள் பலர் பொறியாளராவீர்கள். சிலர் வரலாற்று ஆசிரியராவீர்கள். ஒரு பொருளைச் செய்பவர், அதன் வரைபடத்தையும் அளவுக் குறிப்பையும் பேணி வையுங்கள். வரலாறு எழுதுபவர், அரண்மனையைப் பார்த்த கண்ணால் பட்டறையையும் பாருங்கள். உங்கள் ஊரில் இயந்திரத்தின் ஒலியைக் கேட்டே அதன் பழுதைக் கூறும் முதியவர் ஒருவர் இருப்பின், அவரிடம் சென்று அமர்ந்து, அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். அவர் நினைவில் இருப்பதை மீண்டும் வார்ப்பதற்கு எந்த நாட்டிலும் அச்சு இல்லை.