தொலைநோக்கிக்காரர் தந்த புள்ளி

துப்பாக்கியில் ஏற்கெனவே தொலைநோக்கி இருக்கும்போது அதன் தலைமேல் இன்னொரு சின்னக் கண்ணாடி எதற்கு என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி.

தொலைநோக்கி தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும். ஆனால் பார்க்கும் பரப்பைச் சுருக்கிவிடும். பத்தடியில் ஒருவர் வந்து நின்றால் அதற்குள் அவரைத் தேடிப் பிடிப்பதே கடினம். அதனால்தான் எதையும் பெரிதாக்காத சிவப்புப் புள்ளிக் கருவியை அதன்மேல் பொருத்துகிறார்கள். தூரத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று. ஆப்கானிஸ்தான் போரில் பிரிட்டிஷ் ராணுவம் 4 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கிகளின் மேல் இதை வைத்திருந்தது.

இந்த யோசனையின் மூலவர் போர்வீரர் அல்லர். டப்ளின் நகரில் வானியல் தொலைநோக்கிகள் செய்த ஹோவர்ட் கிரப். வியன்னா வானாய்வகத்தின் 27 அங்குலத் தொலைநோக்கி அவர் கைவண்ணம்தான். 1900-இல் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். குறியின் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, வெகுதூரத்தில் இலக்கின் மேலேயே இருப்பதுபோல் தெரியும். கண் சற்று நகர்ந்தாலும் குறி தவறாது. முதல் உலகப் போரின் இறுதியில் ஜெர்மன் போர் விமானங்களில் அது ஏறியது. 1975-இல் ஸ்வீடனின் எய்ம்பாயின்ட் நிறுவனம் அதை மின்கலத்தில் ஒளிரும் சிவப்புப் புள்ளியாக்கியது.

பிறகு புள்ளி தாய்வீடு திரும்பியது. இன்று பிள்ளைகள் வானம் பார்க்கும் சிறு தொலைநோக்கிகளின் முதுகிலும் அது இருக்கிறது. முதலில் புள்ளியைச் சனிக் கோளின்மேல் வைக்க வேண்டும். பிறகு பெரிய கண்ணாடி வழியே வளையத்தைப் பார்க்கலாம். அதே ஜோடி, அதே காரணம்.

பேரப்பிள்ளைகளுக்கு வாங்கித் தருவதானால் இந்த இரண்டாவதையே வாங்கிக் கொடுங்கள்.