வயல்வெளிப் பறவைத் தாங்கிகளும் ஆந்தை ஒளிப்படங்களும்

நெல் வயல்களில் பறவைகள் வந்து அமர்வதற்காக உழவர்கள் நட்டு வைக்கும் கோலுக்குப் பறவைத் தாங்கி என்று பெயர். பகலில் கரிச்சானும் பனங்காடையும் அதில் அமர்ந்து பூச்சிகளைப் பிடிக்கின்றன. இருட்டிய பின் அதே கோலுக்குக் கூகையும் புள்ளி ஆந்தையும் எலி தேடி வருகின்றன. டிஜிட்டல் கேமரா பரவிய பிறகு, இக்கோல்களில் அமர்ந்திருக்கும் ஆந்தையைப் படம் எடுக்கும் ஆர்வமும் வளர்ந்துள்ளது. உழவுக்காக நட்ட ஒரு கோல் ஒளிப்படக்காரரின் மேடையான வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

எலியும் கோலும்

திருச்சிராப்பள்ளி தில்லை நகரிலிருந்து உறையூர் வழியாகக் குழுமணிச் சாலையில் மேற்கே சென்றால் வயல்களும் வாழைத் தோட்டங்களும் தொடங்கிவிடும். பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரியும் உய்யக்கொண்டான் முதலிய வாய்க்கால்கள் பாயும் பகுதி இது. நீர் வளம் உள்ள இடத்தில் எலிக்கும் குறைவில்லை. வரப்பில் வளை தோண்டிக்கொண்டு, பயிர் பொதி கட்டும் நேரத்தில் தூர்களை அடியோடு கத்தரித்துப் போடும். எலி தின்பதைவிட வீணாக்குவதே அதிகம் என்று உழவர்கள் சொல்வதுண்டு.

இதற்குக் காவிரிப் படுகை கண்ட பழைய கருவி மூங்கிலால் செய்த தஞ்சாவூர்க் கிட்டி. வரப்பைக் குறுகலாக அமைப்பது இன்னொரு வழி; அகன்ற வரப்பு எலிக்கு வீடு கட்டிக் கொடுப்பது போல. மூன்றாவது வழி பறவைத் தாங்கி. ஆங்கில ‘டி’ எழுத்து வடிவில் குறுக்குக் கட்டை வைத்த கோலாகவோ, தலைகீழாக நட்ட தென்னை மட்டையாகவோ அது இருக்கும். ஆந்தைகளுக்காக எக்டேருக்கு 40 முதல் 50 கோல்கள் வரை நடலாம் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. கதிர் முற்றும்போது கோலைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் தானியம் தின்னும் பறவைகளுக்கு அதுவே வசதியாகிவிடும்.

ஆந்தை உண்மையில் எலியைத்தான் தின்கிறதா என்ற கேள்விக்கு அதன் உமிழ்கட்டியே சாட்சி. இரையைப் பெரும்பாலும் முழுதாக விழுங்கும் ஆந்தை, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். அதைப் பிரித்து, மண்டையோட்டையும் தாடையையும் பார்த்தால் எந்த வகை எலி என்றுகூடச் சொல்லிவிடலாம். மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும், திருச்சி மாவட்டம் புத்தனாம்பட்டி நேரு நினைவுக் கல்லூரியிலும் ஆய்வாளர்கள் கூகையின் உணவை இம்முறையில் ஆராய்ந்துள்ளனர். வெளிநாட்டிலும் இதே முயற்சி உண்டு. இஸ்ரேலில் ஸ்தே எலியாகு என்ற கூட்டுப் பண்ணையில் 1983இல் கூகைக்குக் கூட்டுப் பெட்டிகள் வைக்கத் தொடங்கினர். மலேசியாவின் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களிலும் அத்தகைய பெட்டிகள் உள்ளன.

இத்தனை உதவி செய்யும் பறவைக்கு ஊரில் கிடைத்த பெயர் சாக்குருவி! அலறினால் சாவு வரும் என்று கல்லெறிந்து விரட்டியவர்களை நம் தலைமுறை நேரில் பார்த்திருக்கிறது.

கூட்டிலிருந்து தொடங்கிய கலை

பறவை ஒளிப்படத்தின் வரலாறு கூட்டிலிருந்து தொடங்குகிறது. இங்கிலாந்தில் ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள் 1892இல் முட்டைகளுடன் கூடிய ஒரு பறவைக் கூட்டைப் படம் எடுத்தனர். 1895இல் இயற்கையில் எடுத்த படங்களைக் கொண்டே பிரிட்டானியப் பறவைக் கூடுகள் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். பறவைகளை நெருங்குவதற்காகப் பொய்யாகச் செய்த ஒரு மாட்டின் வயிற்றுக்குள் கேமராவோடு ஒளிந்திருந்தவர்கள் இவர்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைராஸ், இரவில் படகிலிருந்து விளக்கடித்து மான் வேட்டையாடும் முறையை அப்படியே கேமராவுக்கு மாற்றினார். மக்னீசியப் பொடி வெளிச்சத்தில் அவர் எடுத்த படங்கள் 1906இல் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் வந்தன.

கூட்டை நாடியதற்குக் காரணம் உண்டு. அக்காலக் கேமரா கனமானது, ஃபிலிம் மந்தமானது. ஆந்தை எங்கே வந்து அமரும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் படம் கிடைக்கும். குஞ்சு இருக்கும் கூட்டுக்கு அது வந்தே தீரும். ஆனால் அதில் ஆபத்தும் இருந்தது. எரிக் ஹோஸ்கிங் என்ற ஆங்கிலேயர் 1937இல் வேல்ஸ் பகுதியில், ஆந்தைக் கூட்டருகே அமைத்த மறைவிடத்துக்கு இரவில் ஏறியபோது, குஞ்சைக் காக்கும் ஆந்தை பாய்ந்து அவர் முகத்தில் அடித்தது. இடக்கண் போயிற்று. அவர் தொழிலை விடவில்லை. 1940களில் மின்னணு ஃபிளாஷைப் பறவைகளுக்குப் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவரானார்; இரையோடு சிறகு விரித்து வரும் கூகையை அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. அந்த ஆந்தை செய்தது குற்றமா என்று வகுப்பில் கேட்டால் மாணவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள்.

தமிழ்நாட்டில் இக்கலைக்கு வழிகாட்டியவர் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல் இறக்கும் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை பற்றிய பத்தி எழுதினார். 1970இல் பத்மஸ்ரீ பெற்றார். கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுத்தார். பல பாகங்களைச் சேர்த்துத் தாமே உருவாக்கிய பெரிய கேமராவுக்கு ‘சூப்பர் பொண்டிரோசா’ என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருந்தார். பெங்களூரில் வாழ்ந்த டி.என்.ஏ. பெருமாள் (1932–2017) அடுத்த தலைமுறைக்கு ஆசானாக விளங்கினார்.

கோலுக்கு வந்த கேமரா

டிஜிட்டல் கேமரா இரண்டு கட்டுகளை அவிழ்த்தது. மங்கிய ஒளியிலும் படம் பதியும் என்பதால் அந்தி வேளையில் ஃபிளாஷ் தேவையில்லாமல் போயிற்று. நீண்ட லென்ஸ் இருப்பதால் கூட்டருகே போக வேண்டியதில்லை. மரப்பொந்தையும் பாழடைந்த மண்டபத்தையும் விட்டுவிட்டு, சாலையோரம் நின்றே வயலில் உள்ள கோலைப் பார்க்கலாம். கூட்டுக்கு வரும் ஆந்தை குஞ்சுக்காகக் கட்டுப்பட்டு வருவது. கோலுக்கு வரும் ஆந்தை தன் விருப்பத்தில் வருவது. இதைப் பெரிய முன்னேற்றம் என்றே கருத வேண்டும்.

ஆனாலும் கோல் அதன் சாப்பாட்டு இடம். கூகையின் இரண்டு காதுகளும் ஒரே உயரத்தில் இல்லை; ஒலி வரும் இடத்தை மேல் கீழாகவும் அறிய அது உதவுகிறது. பின்னாளில் திமிங்கிலப் பாடல் ஆய்வால் புகழ்பெற்ற ரோஜர் பெய்ன், முழு இருட்டிலும் கூகை ஒலியைக் கொண்டே எலியைப் பிடிக்கும் என்பதைச் சோதனையில் காட்டினார். அப்படிக் காதை நம்பி அமர்ந்திருக்கும் பறவையின் அருகே மோட்டார் சைக்கிளை உறும விட்டு, பேசிக்கொண்டே வரப்பில் இறங்கினால் என்ன ஆகும்? ஆந்தை பறந்துவிடும். அந்தி ஒரு மணி நேரம் வீணானால் நட்டம் ஆந்தைக்கு மட்டுமல்ல, வயலுக்குரியவருக்கும்தான். பகலில் ஒதுங்கியிருக்கும் ஆந்தையைக் கிளப்பிவிடுவது இன்னும் கெடுதல். காக்கைகள் கூடிக் கொத்தும். பகலில் காக்கையிடம் கூகை தோற்பதைத் திருக்குறள் ‘காலமறிதல்’ அதிகாரத்தின் முதல் குறளே கூறுகிறது.

நல்ல படத்துக்காக உயிருள்ள எலியைக் கட்டி வைத்து ஆந்தையை வரவழைக்கும் பழக்கம் பல நாடுகளில் கண்டிக்கப்பட்டுள்ளது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் புகழ்பெற்ற காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில் இத்தகைய படங்கள் ஏற்கப்படுவதில்லை. ஆந்தையைப் பிடிப்பதும் விற்பதும் நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

படம் எடுப்பதே தவறு என்பதல்ல என் கருத்து. வாயில் எலியோடு கூகை அமர்ந்திருக்கும் ஒரு படம், சாக்குருவி என்ற சொல்லுக்கு நான் பல ஆண்டுகள் வகுப்பில் சொன்ன மறுப்பைவிட வலுவானது. குழுமணிச் சாலையில் ஒரு மாலை, நண்பர் ஒருவர் எடுத்த அத்தகைய படத்தைக் கேமராத் திரையில் வயற்காரரிடம் காட்டினோம். அவர் ஆந்தையைப் பார்க்கவில்லை. எலியைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். வால் நீளத்தைப் பார்த்து அது என்ன எலி என்று சொன்னார். பிறகு, வடக்கு வரப்பில் ஒரு கோல் சாய்ந்து கிடப்பதாகவும், போகிற வழியில் அதை நிமிர்த்தி வைக்கும்படியும் சொல்லிவிட்டு மடை திருப்பப் போனார்.