நாலு கதவும் மண்ணெண்ணெயும்

இத்தாலிக் கார்களைப் பற்றிக் கதை வந்தால் எங்கட பெடியள் ஃபெராரியில தொடங்கி லம்போர்கினியில முடிப்பினம். அம்மம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக ரெண்டும் பெரிசா உதவாது. இத்தாலியருக்கும் இது தெரியும். அதனால் வேறொரு வகைக் காரையும் செய்தார்கள்: நாலு கதவு, குடும்பம் முழுக்க ஏறலாம், ஆனால் ஓட்டம் பந்தயக் கார் மாதிரி. அந்தக் கார் எப்படிப் பிறந்தது என்ற கதையை வன்னியில் இருந்து வாசித்தால், எங்கட கதையும் கூடவே வருகிறது. ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

மிலான் நகரில் பொர்தெல்லோ என்ற இடத்தில் அல்பா ரோமியோவின் தொழிற்சாலை இருந்தது. இரண்டாம் உலகப் போரில் அதன் மேல் குண்டுகள் விழுந்து பெரும் சேதம். போர் முடிந்தபோது விலை கூடிய கார் வாங்க இத்தாலியில் ஆட்கள் குறைவு. கார் செய்த அதே கைகள் கொஞ்சக் காலம் சமையல் அடுப்பும் யன்னல் சட்டமும் செய்தன. 1933இலிருந்து அந்தக் கொம்பனி அரசின் கையில் இருந்தபடியால் அதை மூடிவிட்டுப் போக யாரும் விடவில்லை.

1950இல் அங்கிருந்து ‘1900’ என்ற கார் வெளியே வந்தது. அதற்கு முதல் அல்பாக்கள் பணக்காரருக்காக ஒவ்வொன்றாகக் கையால் செய்யப்பட்டவை. 1900தான் அந்தக் கொம்பனி தொடர் உற்பத்தி வரிசையில் செய்த முதல் கார். தனிச் சட்டகம் இல்லை, உடலே சட்டகம். 1,884 சிசி எஞ்சின். பந்தயங்களை வெல்லும் குடும்பக் கார் என்று விளம்பரம் செய்தார்கள். 1959 வரை 20,000க்கு மேல் செய்தார்கள். 1962இல் ஜூலியா வந்தது. 1963இல் மொடேனா நகரத்து மசெராட்டி, 4.1 லீற்றர் வி8 எஞ்சினோடு ‘குவாத்ரோபோர்த்தே’யைக் காட்டியது. பெயரைக் கேட்டால் பெரிய சங்கதி போல இருக்கும். அர்த்தம் வெறும் ‘நாலு கதவு’.

அந்த ஐம்பதுகளில் வன்னியில் என்ன கார் ஓடியது? இரணைமடுத் தண்ணீரை நம்பி காடு வெட்டிக் கழனி செய்யக் குடியேறிய சனத்துக்கு மாட்டு வண்டிதான் வாகனம். கார் வைத்திருந்தவர்கள் சிலர். அதிலும் பல வாடகைக் கார்கள். ஓஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், பிறகு கேம்பிரிட்ஜ் எல்லாம் பிரித்தானியச் சாமான்கள். கல்யாணம், பிள்ளைப்பேறு, செத்தவீடு எல்லாத்துக்கும் அதே கார். அதைத் தெரிந்தவர்கள் வேகத்தைப் பார்க்கவில்லை. ஸ்பெயார் கிடைக்குமா, ஊர் மெக்கானிக்குக் கை வருமா, மழைக்காலக் கிரவல் றோட்டில் இழுக்குமா என்று பார்த்தார்கள். அந்தத் தெரிவின் முழுப் பெறுமதி நாற்பது வருசம் கழித்துத்தான் விளங்கியது.

1990 ஜூனில் போர் திரும்பவும் தொடங்கியது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை. கையில் அகப்பட்டது மண்ணெண்ணெய், அதுவும் அளவோடு. அந்த நேரம் பழைய ஏ40 ஓடியது. ஏன் என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேணும்.

எஞ்சினுக்குள் எரிபொருளும் காற்றும் கலந்த கலவையை பிஸ்டன் அமுக்கும். கூட அமுக்கினால் பலம் கூடும். ஆனால் தரம் குறைந்த எரிபொருளைக் கூட அமுக்கினால் அது முறைப்படி எரியாது, கண்டபடி வெடிக்கும். எஞ்சின் உள்ளே தட்டத் தொடங்கும். ஏ40 தன் கலவையைக் கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்காகத்தான் அமுக்கியது. அந்த மென்மையான அமுக்கத்தை மண்ணெண்ணெய் தாங்கியது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதால், பொத்திப் பொத்தி வைத்திருந்த சொட்டுப் பெற்றோலை விட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணுவினம். சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவினம். புகை அடிக்கும், இழுவை குறையும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும் என்பதால் ஒயிலிலும் ஒரு கண் வைத்திருக்க வேணும். ஆனாலும் கார் ஓடும். காயப்பட்டவரை, வயிற்றுப் பிள்ளைக்காரியை ஏற்றிக்கொண்டு ஓடும்.

இந்தக் காலத்து ஜூலியா குவாட்ரிஃபோலியோவுக்கு 2.9 லீற்றர் எஞ்சின், இரட்டை டர்போ, 500க்கு மேல் குதிரை வலு. அற்புதமான கார். அதற்கு மண்ணெண்ணெய் விட்டால் அன்றோடு அதன் கதை சரி.

2002இல் போர் நிறுத்தம் வந்து ஏ9 திறந்தது. ஓமந்தையிலும் முகமாலையிலும் இரண்டு தரப்புச் சோதனையையும், புலிகளின் வரியையும் கடந்து வாகனங்கள் உள்ளே வந்தன. 2006 ஓகஸ்டில் பாதை மூடியது. பிறகு நடந்தது தெரியும். கிளிநொச்சியில் இருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று உழவு இயந்திரப் பெட்டிகளிலும் லாண்ட்மாஸ்டரிலும் சனம் நகர்ந்தது. 2009 மே மாதம் வட்டுவாகலைக் கடந்தபோது வாகனம் எதுவும் கூட வரவில்லை. கார், பஸ், மோட்டார் சைக்கிள், சைக்கிள் எல்லாம் அந்த மணலிலேயே துருப்பிடித்துக் குவிந்து கிடந்தன. ஒருவர் வாழ்நாள் உழைப்பைப் போட்டு வாங்கினதும், ஒரு மெக்கானிக் இருபது வருசம் உயிர் கொடுத்து வைத்திருந்ததும் அதற்குள் இருந்தன.

இப்ப மிலானுக்கும் எங்களுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு வருவோம். போர் முடிந்து ஐந்து வருசத்தில் பொர்தெல்லோ 1900ஐச் செய்தது. இத்தாலியர் எங்களை விடக் கெட்டிக்காரர் என்று இதற்கு அர்த்தம் சொல்ல முடியாது. அரசு அந்தத் தொழிற்சாலையைத் தன்னுடையதாக வைத்திருந்தது. அமெரிக்காவின் மார்ஷல் திட்டப் பணமும் அந்த நாட்டுக்குள் வந்தது. வன்னியிலும் அரசின் தொழிற்சாலை ஒன்று இருந்தது. ஆனையிறவு உப்பை வைத்துக் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை. எண்பதுகளில் போரால் அது நின்றது. 2009க்குப் பிறகு ஏ9 காப்பெற் றோட்டானது, மின்சாரம் வந்தது, லீசிங் கொம்பனிகள் வரிசையாகக் கதவு திறந்தன. பரந்தன் தொழிற்சாலை மட்டும் போர் முடிந்து பத்து வருசம் கழிந்தும் பழையபடி இயங்கவில்லை. அவர்களுக்குப் போருக்குப் பிறகு செய்யிற வேலை கிடைத்தது. எங்களுக்கு வாங்கிற கடன் கிடைத்தது.

2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து முழு நாடும் கியூஆர் கோட்டோடு வரிசையில் நின்றபோது, வன்னியில் வயது போனவர்கள் பெரிதாகப் பதறவில்லை. இதை முதலே பார்த்தவர்கள். 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தார்கள். வரி பல மடங்கு. ஆனாலும் ஆசை விடாது. லீசிங் கடதாசியில் கையெழுத்து வைக்க முதல் ஏ40 தெரிந்தவர்கள் கேட்டதை நீங்களும் கேளுங்கோ: இதை எங்கட ஊரில் யார் திருத்துவினம்? எரிபொருள் இல்லாத மாதத்தில் தவணையை யார் கட்டுவினம்?

கேட்க இன்னொரு கேள்வியும் இருக்கு. அறிவியல்நகரில் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் எங்கட பிள்ளைகள் வாகனத் தொழில்நுட்பம் படிக்கினம். சந்தர்ப்பம் தந்தால் செய்யக்கூடிய கைகள். அந்தப் பிள்ளைகள் படித்து முடித்து எங்கே போகினம்? கிளிநொச்சியில் அவர்களுக்கு ஒரு பட்டறை இருக்கா, இல்லை கொழும்புக்கும் கட்டாருக்கும் பஸ் ஏற வேண்டியதுதானா? தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வாறவர்களிடம் இதைக் கேட்க வேணும்.

அதுவரை நாங்கள் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கு. 1900ஐ வரைந்த பொறியியலாளர் ஒராட்ஸியோ சாத்தாவின் பெயர் கார் வரலாற்றில் இருக்கிறது. ஏ40ஐ மண்ணெண்ணெயில் ஓட வைத்த வன்னி மெக்கானிக்குகளின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்களில் பலருக்கு இப்ப எழுபது வயது தாண்டியிருக்கும். உங்கட ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை போய் இருந்து கதையுங்கோ. எந்தக் குழாயை எங்கே மாட்டினார், எந்த ஊசியைத் திருப்பினார், யாரை ஏற்றிக்கொண்டு போனார் என்று கேட்டு எழுதி வையுங்கோ.