ஷெங்கன் பொது விசாக் கொள்கை

ஐரோப்பாவின் 29 நாடுகள், குறுகிய காலம் வந்து தங்கும் வெளிநாட்டவருக்கு ஒரே விதியின்படி விசா வழங்கும் ஏற்பாடு. இவற்றுள் 25 நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்தவை. ஐஸ்லாந்து, நார்வே, சுவிட்சர்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய நான்கும் ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவை. ஒரு நாட்டின் தூதரகம் தரும் விசாவைக் கொண்டு மற்ற நாடுகளுக்கும் போய்வரலாம். எந்த 180 நாள்களை எடுத்துக்கொண்டாலும் தங்கும் காலம் 90 நாள்களைத் தாண்டக் கூடாது. நீண்டகால விசா அந்தந்த நாட்டின் பொறுப்பாகவே இருக்கிறது.

1985 ஜூன் 14 அன்று லக்சம்பர்க்கின் ஷெங்கன் என்ற சிற்றூரை ஒட்டி, மோசல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி ஆகியவை இதற்கான முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. உள் எல்லைச் சோதனை 1995 மார்ச் 26 அன்று நீங்கியது. அதன்பின் ஒரு நாட்டுக்குள் நுழைந்தவர் எல்லா நாடுகளுக்குள்ளும் நுழைந்தவரே என்றாகிவிட்டதால், யாரை அனுமதிப்பது என்பதையும் சேர்ந்தே முடிவுசெய்ய வேண்டியதாயிற்று. இதனால் ஒரு நாட்டின் பகை எல்லோருடைய பகையாகவும் மாறக்கூடும்.

லிபியா விவகாரத்தில் இது கண்கூடாகத் தெரிந்தது. 2008 ஜூலையில் லிபியத் தலைவர் முஅம்மர் கடாபியின் மகன் ஹன்னிபால், பணியாளர்களை அடித்ததாக ஜெனீவாவில் கைதானார். பதிலுக்கு லிபியா சுவிஸ் தொழில்துறையினர் இருவரை நாட்டை விட்டு வெளியேற விடாமல் தடுத்துவைத்தது. சுவிட்சர்லாந்து அந்த ஆண்டு டிசம்பரில்தான் ஷெங்கனில் இணைந்திருந்தது. கடாபி உள்ளிட்ட லிபியர்களின் பெயர்களை அது தடைப்பட்டியலில் சேர்த்ததும், அவர்களுக்கு எல்லா உறுப்பு நாடுகளின் கதவும் அடைபட்டது. 2010 பிப்ரவரியில் லிபியா ஷெங்கன் நாட்டினர் அனைவருக்கும் விசாவை நிறுத்த, இந்தச் சண்டையில் பங்கே இல்லாத ஐரோப்பியர்கள் திரிப்போலி விமான நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள். லிபியாவுடன் நெருங்கிய வணிக உறவு கொண்ட இத்தாலி, சுவிட்சர்லாந்தைப் பகிரங்கமாகவே கண்டித்தது. மார்ச்சில் பட்டியல் விலக்கப்பட்ட பிறகே லிபியாவும் இறங்கிவந்தது.

உறுப்பு நாடு ஒன்றின் குடிமக்களிடம் வெளிநாடு விசா கேட்டால் எல்லோரும் சேர்ந்து பதிலடி தரலாம் என்று விதி சொல்கிறது. நடைமுறையில் சிறிய நாடுகளுக்கு அது பெரிதாகக் கைகொடுக்கவில்லை. 2009இல் கனடா செக் குடிமக்களுக்கு மீண்டும் விசாவைக் கட்டாயமாக்கியது. நான்கு ஆண்டுகள் கழித்தே அதை விலக்கியது. ருமேனியாவும் பல்கேரியாவும் வேறு வழியில் சாதித்தன: ஒன்றியம் கனடாவுடன் செய்யவிருந்த வணிக ஒப்பந்தத்துக்கு இசைய மறுப்போம் என்று 2016இல் நின்றன; 2017 டிசம்பரில் விசா விலக்குப் பெற்றன.

ஒன்றியத்தில் சேரக் காத்திருக்கும் நாடுகளும் இக்கொள்கைக்கு ஏற்பத் தம் விதிகளை மாற்ற வேண்டியிருக்கிறது. இந்தியர்கள் 2017 முதல் விசா இல்லாமல் செர்பியாவுக்குச் சென்றுவந்தார்கள். ஒன்றியத்தின் நெருக்குதலால் 2023 ஜனவரி 1 முதல் அந்தச் சலுகை போயிற்று.

2020 முதல் விசா வெளிப்படையான அழுத்தக் கருவியாகவும் ஆனது. ஐரோப்பா திருப்பியனுப்பும் தன் குடிமக்களை ஏற்கத் தயங்கும் நாட்டுக்கு விதிகளை இறுக்கலாம். 2021இல் காம்பியா முதலில் இதற்கு ஆளானது: பன்முறை நுழைவு விசா நின்றது, விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் காலக்கெடு 15 நாளிலிருந்து 45 நாளானது. பின்னர் கட்டணமும் 80 யூரோவிலிருந்து 120 யூரோவாக ஏறியது. இந்தச் சுமை விழுந்தது காம்பிய அரசின் மீதல்ல, விண்ணப்பிக்கும் சாதாரண மக்கள் மீது. இக்கொள்கையில் மிகவும் அநியாயமான பகுதி இதுவே. 2024 ஏப்ரலில் கூடுதல் கட்டணம் மட்டும் விலக்கப்பட்டது. மற்ற கட்டுப்பாடுகளை ஒன்றியம் அப்போது தளர்த்தவில்லை.