ஏலக்காயும் பங்கும்

"இப்போதைக்கு வித்துருவோம், சந்தை தெளிஞ்சதும் திரும்ப வாங்கிக்கிடலாம்." போடிநாயக்கனூர்க் கடைவீதிக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. இன்று பங்குச்சந்தையில் பணம் போட்டிருக்கும் நம் நண்பர்களும் இதையேதான் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே பேச்சு. ஆனால் ஒரே கணக்கு அல்ல என்பது அடியேன் கட்சி.

ஏலக்காய் விளைவது பெரும்பாலும் போடிமெட்டுக்கும் குமுளிக்கும் அப்பால், இடுக்கி மலையில். விலை பேசப்படுவதோ அடிவாரத்தில். ஏலத்தை ஏலம் விடுகிற ஊர் என்று போடியைக் கேலி பேசுவதுண்டு. 1928ல் மதுரையிலிருந்து ரயில் வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950களில்தான் திரும்பப் போட்டார்கள். வியாபாரம் அதற்காக நின்றுவிடவில்லை. 1966ல் ஏலக்காய் வாரியம், 1987ல் அதன் இடத்தில் நறுமணப் பொருள் வாரியம், 2007ல் கம்ப்யூட்டர் ஏலம் என்று காலம் ஓடிவிட்டது.

இந்தச் சரக்கின் சுபாவத்தைப் பாருங்கள். ஸ்டோரில் பக்குவமாகக் காயவைத்து, கறுப்புப் பாலிதீன் உறையிட்ட சாக்கில் கட்டிவைத்தாலும் மாதம் ஏற ஏறப் பச்சை நிறம் மங்கும். நிறம் போனால் விலை போச்சு. ஆடி, ஆவணியில் புதுக்காய் இறங்கத் தொடங்கும். அப்புறம் குவாத்தமாலாக்காரன் சரக்கு வேறு வளைகுடா நாடுகளில் நம்மோடு போட்டிக்கு நிற்கும். ஆகவே பழைய காயைத் தள்ளிவிட்டு, புதுக்காய் வந்ததும் வாங்குவது வியாபாரிக்குச் சூதாட்டம் அல்ல, தொழில்.

அதிலும் அடி விழுவதுண்டு. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கித் தோட்டங்கள் நாசமாயின. அடுத்த கோடையில் மழையும் ஏமாற்றியது. 2019 தொடக்கத்தில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு "இதுக்கு மேல எங்க ஏறப்போகுது" என்று விற்றவர்கள் திரும்ப வாங்க வழியில்லாமல் நின்றார்கள். அந்த ஆகஸ்ட் 3ஆம் தேதி புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய்! (அது உச்ச விலை, எல்லார் காய்க்கும் கிடைத்த விலையல்ல.) இன்னும் ஏறும் என்று பூட்டிவைத்தவர்கள் கதை அதைவிடப் பரிதாபம். 2022ல் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது.

நடுவில் வந்தது 2020 மார்ச். ஊரடங்கில் ஏலம் நின்றது. மே மாதக் கடைசியில்தான் மறுபடி தொடங்கியது. அதாவது, பயந்து விற்கலாம் என்றாலும் ஏலக்காய்க்காரருக்கு வாசல் மூடிக்கிடந்தது. பங்குக்காரருக்கோ வாசல் திறந்தே இருந்தது. ஜனவரியில் 42,000ஐத் தாண்டியிருந்த சென்செக்ஸ், மார்ச் 23 அன்று ஒரே நாளில் 13 சதவீதம் சரிந்து 26,000க்குக் கீழே முடிந்தது. "கொரோனா போகட்டும், பிறகு வாங்கலாம்" என்று அன்று விற்றவர்கள் எத்தனை பேர்! கொரோனா போகவில்லை. சந்தை மட்டும் அந்த நவம்பரிலேயே பழைய உச்சத்தைத் தாண்டி, 2021 ஜனவரியில் 50,000ஐத் தொட்டது.

இங்கேதான் வித்தியாசம். ஏலக்காய்க்கு வருஷாவருஷம் புதுக்காய் உண்டு. திரும்ப வாங்க ஒரு பருவம் உண்டு. பங்குக்கு அறுவடை கிடையாது. சாக்கில் கிடந்து நிறம் மங்குவதும் இல்லை. கம்பெனி நன்றாக நடந்தால் டிவிடெண்டும் தரும். விற்பதற்கு ஒரு தைரியம் போதும். எல்லாரும் பயந்து கிடக்கும் நாளில் திரும்ப வாங்க வேறொரு தைரியம் வேண்டும், அது பெரும்பாலும் வருவதில்லை. போதாக்குறைக்கு வரி: ஓராண்டுக்குள் லாபத்தில் விற்றால் அன்று 15 சதவீதம், 2024 ஜூலையிலிருந்து 20.

கல்லூரி மாணவத் தம்பி தங்கைகளுக்கு இது வெறும் கணக்குப் பாடமாகத் தோன்றலாம். நம்மில் பலருக்குக் கல்லூரிக் கட்டணம் வந்ததே ஏலக்காய் விற்ற பணத்தில்தான். சிறு தோட்டக்காரர் சந்தையை ஊகித்துக் காத்திருப்பதில்லை. ஒவ்வொரு காய்பறிப்பிலும் கூலிக்கும் உரத்துக்கும் பிள்ளை படிப்புக்கும் வேண்டிய அளவை விற்றுவிடுவார். மிச்சச் சாக்கு இருந்தால் இருக்கட்டும் என்று வைத்துவிட்டு, அடுத்த பறிப்புக்கு மலையேறிவிடுவார்.