அணி புறப்படும் முன்

சரித்திரம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கோட்டை விழுந்த தேதியைத் தவறாமல் எழுதுவார்கள். அதற்கு முன்னால் எத்தனை மாதம் வாளைத் தீட்டினார்கள் என்பதை எழுத மாட்டார்கள். விளையாட்டின் சரித்திரமும் இப்படித்தான். எத்தனை கோல், யாருக்குக் கோப்பை என்பது மட்டுமே மிஞ்சுகிறது. என்னைக் கேட்டால், ஓர் அணியின் விதி மைதானத்தில் மட்டும் நிர்ணயமாவதில்லை. பருவம் தொடங்குமுன் ஒரு காகிதத்தில் பதினொரு பெயர்களை எழுதுகிறார்களே, அன்றைக்கே பாதி விதி முடிவாகிவிடுகிறது.

திருத்தணிகை மலைக்குப் படிகள் 365 என்பார்கள். நாளுக்கு ஒரு படி. கல்லூரி திறக்கும் மாதங்களில் விடியற்காலையில் போனால், படிக்குப் படி கற்பூரம் ஏற்றும் பக்தர்களுக்கு நடுவே அரைக்கால் சட்டை போட்ட பிள்ளைகள் சிலர் மூச்சிரைக்க ஏறி ஓடுவதைப் பார்க்கலாம். எல்லாரும் ஹாக்கி ஆடுகிறவர்கள். ஒரு முறை அவர்களில் ஒருவனை நிறுத்தி, "ஏன் தம்பி, வேண்டுதலா?" என்று கேட்டேன். "ஆமா சார், டீம்லே பேர் வரணும்" என்றான்.

வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் அந்த வேண்டுதலின் கனத்தை அறிய வேண்டுமானால் 1936-ஆம் வருஷத்துக்குப் போக வேண்டும்.

செங்கற்பட்டு ஜில்லாவில் 1909-ல் பிறந்தவர் எம். ஜே. கோபாலன். ஹாக்கி, கிரிக்கெட் இரண்டிலும் சூரர். 1934 நவம்பர் 4-ஆம் தேதி சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பைப் பந்தயங்கள் ஆரம்பமானபோது முதல் பந்தை வீசியவர் அவர்தான். மறு வருஷம் தியான்சந்தோடு ஹாக்கி அணியில் நியூஜிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினார். அந்தச் சுற்றுப்பிரயாணத்தில் இந்திய அணி 500-க்கு மேல் கோல் போட்டது. தியான்சந்த் ஒருவரே 201 கோல்!

1936-ல் இரண்டு அணிகள் ஒரே சமயத்தில் மேல்நாட்டுக்குப் புறப்பட்டன. ஒன்று ஒலிம்பிக் பந்தயத்துக்காகப் பெர்லினுக்கு; மற்றொன்று கிரிக்கெட் ஆட இங்கிலாந்துக்கு. இரண்டு கதவுகளும் கோபாலனுக்குத் திறந்திருந்தன. ஒரு மனிதன் இரண்டு கப்பலில் ஏற முடியாதே! அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்துகொண்டார்.

பிறகு நடந்தது என்ன? இங்கிலாந்தில் நடந்த மூன்று டெஸ்ட் ஆட்டங்களில் ஒன்றில்கூட அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பெர்லினில் ஹாக்கி அணி தங்கப் பதக்கம் வாங்கியது. அதற்கு முன் 1934-ல் கல்கத்தாவில் ஆடிய ஒரே டெஸ்டுதான் கோபாலனின் டெஸ்ட் வாழ்க்கை. 2003-ல், தமது 94-ஆவது வயதில் அவர் காலமானார்.

அவர் தவறு செய்துவிட்டார் என்று இன்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்வது சுலபம். முடிவு தெரிந்த பிறகு யாருக்கும் ஞானம் வரும். அவர் தீர்மானித்த நாளில் பெர்லின் வெற்றி நிச்சயமான சங்கதி அல்லவே.

உண்மையில் அது நிச்சயமாக இல்லை என்பதற்குச் சாட்சி இருக்கிறது. பெர்லின் போய்ச் சேர்ந்ததும் ஜூலை 17-ஆம் தேதி ஜெர்மானியரோடு ஒரு பயிற்சி ஆட்டம் ஆடினார்கள். 4-1 என்று இந்தியா தோற்றது. 1928-லும் 1932-லும் தங்கம் வாங்கிய அணி! தலைவர் தியான்சந்துக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. பட்டியலில் ஒரு பெயர் குறைகிறது என்று தெரிந்துகொண்டார்கள். உடனே ஊருக்குத் தகவல் பறந்தது. ராணுவத்திலிருந்த தாரா விமானத்தில் வந்து சேர்ந்தார். ஆகஸ்டு 15-ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் அதே ஜெர்மனியை 8-1 என்று வென்றார்கள். பயிற்சியில் வாங்கிய அடிதான் பந்தயத்தில் பலனாயிற்று.

அந்தக் காலத்து ஆயத்தம் எளிது. புல்தரை, ஒரு மட்டை, இரண்டு கால்கள். மாற்று ஆள் கிடையாது. 70 நிமிஷமும் அதே பதினொரு பேர் ஓட வேண்டும். 1976-ல் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது. இந்தியா ஏழாவது இடத்துக்கு இறங்கியது. புல்லில் துள்ளும் பந்தை மட்டையால் தாலாட்டி வசப்படுத்தியவர்களுக்கு, வழவழத்த தரையில் அம்பாய்ப் பாயும் பந்து பிடிபடவில்லை. இப்போது 15 நிமிஷமாக நான்கு பகுதிகள். ஆட்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஆகவே நீடித்து ஓடுவதைவிட மின்னல் வேகம் முக்கியமாகிவிட்டது.

மாண்ட்ரீலில் தோற்ற அணியில் இருந்த ஒருவர் சென்னை லயோலா கல்லூரியில் படித்த வி. பாஸ்கரன். 1980-ல் மாஸ்கோவில் அவரே தலைவர். ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் கொண்டுவந்தார். பல தேசங்கள் அந்த ஒலிம்பிக்கைப் பகிஷ்கரித்ததால் ஆறே அணிகள்தான் ஆடின என்பதும் மெய். ஆனாலும் நான்கு வருஷத்துக்கு முன் தோல்வியைச் சுமந்து திரும்பியவர் மறுபடி மட்டையைத் தூக்கினாரே, அதைப் பாராட்டாமல் இருக்க முடியுமா?

சென்னை எழும்பூரில் இன்று ராதாகிருஷ்ணன் அரங்கம் என்று செயற்கைத் தரையோடு ஒரு ஹாக்கி அரங்கம் இருக்கிறது. 1888-ல் தங்கள் ஊரில் பிறந்த தத்துவ மேதையின் பெயர் என்று திருத்தணிக்காரர் யாராவது பெருமைப்பட்டால் ஏமாந்து போவார். இவர் சென்னை நகரத்து மேயர்! 2023 ஆகஸ்டில் அங்கே இந்தியா மலேசியாவை 4-3 என்று வென்று ஆசியச் சாம்பியன் கோப்பையை எடுத்தது. மண் தரையில் பழகும் சிற்றூர்ப் பிள்ளைக்கு அந்தத் தரை வெறும் தொலைதூரம் அல்ல; வேறொரு விளையாட்டு. அவன் காலை அதற்குப் பழக்க ஒருவருக்குப் பணமும் மனமும் வேண்டும்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். எந்தக் கல்லூரியிலும் பதினொரு பெயர் எழுதப்பட்ட பிறகு, பெயர் வராத பிள்ளைகள் மிஞ்சுவார்கள். மறுநாள் பயிற்சியில் எதிர்ப்பக்கம் நின்று ஆடுகிறவர்கள் அவர்கள்தாம். அவர்கள் மனம் கசந்து வீட்டிலிருந்துவிட்டால், தேர்ந்த பதினொருவரும் யாரோடு மோதிப் பழகுவது? பெர்லினில் ஜெர்மானியர் செய்த உபகாரத்தை ஒவ்வொரு ஊரிலும் இந்தப் பெயரில்லாத பிள்ளைகள் செய்கிறார்கள். கோப்பையில் அவர்கள் பெயரைப் பொறிப்பதில்லை. ஆனால் அவர்களிடம் தோற்றுப் பழகாத எந்த அணியும் கோப்பையோடு திரும்பியதில்லை.