தோட்டத்துப் பாட்டியின் வரலாறு

மலாயாவின் பொருளாதார வரலாற்றை எழுதியோர் இரப்பரின் விலையையும் ஏற்றுமதியின் அளவையும் ஆண்டு தவறாமல் குறித்து வைத்துள்ளனர். விடியுமுன் எழுந்து அந்தப் பாலை வடித்தெடுத்த பெண்களைப் பற்றி அவ்வேடுகள் சொல்வது மிகக் குறைவு. தாயாகவும் பின்னர்ப் பாட்டியாகவும் வாழ்ந்து மறைந்த அப்பெண்களின் வரலாறே இந்நாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் தொடக்க வரலாறாகும்.

ஒப்பந்தக் கூலி முறையில் ஆள் சேர்ப்பது 1910ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணி முறையே ஓங்கி நின்றது. கங்காணி தன் ஊரிலும் உறவிலும் ஆள் திரட்டியதால், தனி ஆடவரோடு குடும்பங்களும் கப்பலேறின. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ ஏறியவர்கள் பினாங்கை அடைந்து, செரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் தங்கிய பின்னரே தோட்டம் போய்ச் சேர்ந்தனர். 1938இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர் பயணத்திற்குத் தடை விதித்தது. ஊரிலிருந்து தங்கையையோ தம்பி மகளையோ வரவழைக்கும் வழி அத்துடன் அடைபட்டது. அதற்கு முன் வந்து சேர்ந்து, பின்னர் இங்கேயே நிலைத்தவள் தோட்டத்தையே ஊராக்கிக்கொண்டாள். பேரன் பேத்தியையும் இம்மண்ணிலேயே கண்டாள்.

அவளுடைய நாள் பெரட்டுக்களத்தில் தொடங்கியது. பெயர் கொடுத்துவிட்டு, இருள் விலகாத நேரத்திலேயே தனக்குரிய நிரைக்குச் செல்வாள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். ஆதலால் மரத்துக்கு மரம் விரைந்து பட்டையைச் சீவி, மங்கைச் சரிசெய்து நகர வேண்டும். கத்தி ஆழப் பட்டால் மரம் காயப்படும். மேலாகப் பட்டால் பால் வாராது. மயிரிழை அளவில் வேறுபடும் அந்த வெட்டை அவள் கண்ணும் கையும் அறிந்திருந்தன. பின்னர் மீண்டும் அதே நிரையில் நடந்து, மங்குகளிலுள்ள பாலை வாளியில் சேர்த்து, நிறுவைக்குச் சுமந்து செல்வாள். வீடு திரும்பிய பிறகு அடுப்பும் துணியும் பிள்ளைகளும் காத்திருக்கும்.

இவ்வுழைப்புக்குக் கிடைத்த கூலியில் ஆணுக்கொரு கணக்கு, பெண்ணுக்கொரு கணக்கு இருந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சிக்கு முன்னர், முக்கிய மாவட்டங்களில் ஆணின் நாட்கூலி 50 காசு. பெண்ணின் கூலி 40 காசு. வீழ்ச்சி முற்றிய காலத்தில் அவை 28 காசாகவும் 24 காசாகவும் இறங்கின. பல்லாயிரவர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். எஞ்சியோர் குடும்பங்களில், குறைந்த அரிசியை அனைவருக்கும் பங்கிடும் கணக்கைப் போட்டவள் தாய்தான். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் வெடித்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், கூலி உயர்வோடு பெண்களின் மானத்திற்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதும் இடம்பெற்றது. அந்தக் கோரிக்கை எழ நேர்ந்ததே அவள் பட்ட துன்பத்திற்குச் சான்று.

அடுத்து வந்தது ஜப்பானியர் காலம். 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா இரயில் பாதையை அமைக்கத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். 1943 அக்டோபரில் பாதை முடிவுற்றது. சென்றவர்களுள் பெருந்தொகையினர் திரும்பவில்லை. கணவன் இறந்தான் என்ற செய்திகூட வந்து சேராத நிலையில், பொட்டை அழிப்பதா வைத்துக்கொள்வதா என்று அறியாமல் பெண்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். மரவள்ளிக் கிழங்கை அவித்தே பிள்ளைகளின் உயிரைக் காத்தனர். அதே 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. கேப்டன் இலட்சுமியின் தலைமையில் துப்பாக்கி ஏந்திய பெண்களுள் தோட்டத்து இளம்பெண்களும் இருந்தனர். வீட்டைக் காத்தவளும் களம் சென்றவளும் ஒரே லயத்திலிருந்து புறப்பட்டவர்களே.

1957இல் நாடு விடுதலை பெற்றது. ஆயினும் பிறப்புப் பத்திரமோ குடியுரிமைத் தாளோ இல்லாதவர்கள் பலர். 1969இல் வேலை அனுமதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, குடியுரிமை இல்லாதோர் ஆயிரக்கணக்கில் நாட்டை விட்டுச் சென்றனர். வாழ்நாள் முழுவதும் இம்மண்ணில் வியர்வை சிந்திய பாட்டி, கையில் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றாள். அவள் பெற்ற பிள்ளை குடிமகன், அவள் அந்நியள்.

இத்தனைக்கும் நடுவில் அவள் செய்த பணி ஒன்று ஆசிரியர்கள் சிறப்பாக எண்ணத்தக்கது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று பணித்தது. கட்டடம் சட்டத்தால் வந்தது. மொழியோ அதற்கு முன்பே வந்துவிட்டது. உடல் தளர்ந்து பால் வெட்டு வேலையிலிருந்து ஓய்ந்த மூதாட்டியரே பெரும்பாலும் ஆயாக்கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டனர். தாய் மரத்தடியில் நிற்க, குழந்தை தாலாட்டையும் விடுகதையையும் பழமொழியையும் கேட்டது பாட்டியின் மடியில். சம்பளப் பட்டியலில் கைநாட்டு வைத்த அவளே அக்குழந்தைக்கு முதல் தமிழாசிரியை. தம்பியைத் தூக்கி வைத்திருப்பதற்காகப் படிப்பை இழந்த சிறுமியரும் பலர். அவர்களே பின்னாளில், 'நான்தான் படிக்கவில்லை, நீயாவது படி' என்று பேத்தியைப் பள்ளிக்கு அனுப்பினர்.

தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன, லயங்கள் இடிந்தன. 1938க்கு முன் கப்பலில் வந்த தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. அவர்கள் சொல்லக் கேட்ட மகளிர் இன்னும் இருக்கின்றனர். ஆதலின் ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் மாணவரிடம் ஒரு பணியை ஒப்படைக்கலாம்: வீட்டிலுள்ள மூத்தவளிடம் அமர்ந்து, அவள் தாயும் பாட்டியும் எந்த ஊரிலிருந்து வந்தனர், எந்தத் தோட்டத்தில் உழைத்தனர், போரில் யாரை இழந்தனர் என்று கேட்டு எழுதி வரச் செய்க. பாட்டியின் பெயர் எழுதப்பெற்ற அந்த ஒரு தாளே, ஏடுகள் விட்டுச்சென்ற குறையை நிரப்பத் தொடங்கும்.